உங்களுக்குத் தெரியுமா? – ‘என் பிள்ளையைக் காணோம்!’

பிள்ளைக்கு ஆபத்து, பதறும் தாய். சைக்கலாஜிக்கல் த்ரில்லர்களில் அலுக்கவே அலுக்காத முடிச்சு இது. கடத்தியவனைக் கண்டு வரும் பயம் கொஞ்சம்தான். அவள் சொல்வதை ஒருவரும் நம்பாதபோதுதான் நமக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

★ ‘த மேன் ஹூ நியூ டூ மச்’ கதையை ஹிட்ச்காக் இரண்டு முறை படமாக்கினார். 1934-இல் பிரிட்டனில் எடுத்ததில், கடத்தப்படுவது மகள். அம்மா குறி தவறாமல் சுடுபவள். கூரைமேல் மகளைத் துரத்தும் கொலைகாரனை போலீஸ்காரர் சுடத் தயங்க, துப்பாக்கியை வாங்கி அவளே சுட்டு வீழ்த்துகிறாள். 1956-இல் ஹாலிவுட்டில் எடுத்தபோது அந்த அம்மா, மேடையை விட்டு விலகிய பாடகி ஆகிவிட்டாள்; நடித்தவர் டோரிஸ் டே. மகனைக் கடத்திவிட்டார்கள் என்று சொல்வதற்கு முன்பே, டாக்டரான கணவன் அவளுக்கு மயக்க மாத்திரை கொடுத்துவிடுகிறான். அழக்கூட அவளுக்கு உரிமை தராத அந்தக் காட்சி, படத்தின் எந்தக் கொலையையும்விடக் கொடூரமானது.

ஆனால் கடைசியில் மகனைக் கண்டுபிடிக்க உதவுவது அவள் குரல்தான். தூதரகத்தில் பியானோ முன்னால் உட்கார்ந்து அவள் ‘கே சரா சரா’வை உரக்கப் பாடுகிறாள், மாடியில் அடைபட்டிருக்கும் பையன் சீழ்க்கையடித்துப் பதில் சொல்கிறான். ஆஸ்கர் வாங்கிய பாட்டு. அதன் மெட்டு உடனே தமிழுக்கும் வந்தது. 1957-இல் வெளியான ‘ஆரவல்லி’யில் ஏ.எம்.ராஜாவும் ஜிக்கியும் பாடியது அதைத் தழுவியதுதான்.

★ 1965-இல் ஓட்டோ பிரெமிஞ்சர் இயக்கிய ‘பன்னி லேக் இஸ் மிஸ்ஸிங்’கில், லண்டன் நர்சரிப் பள்ளியில் விட்ட குழந்தையைக் காணவில்லை. அப்படி ஒரு குழந்தையைப் பார்த்ததாகச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. பிரெமிஞ்சர் நமக்கும் குழந்தையைக் காட்டாமல் நெடுநேரம் இழுக்கிறார். நாமே அந்தத் தாயைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறோம். மூலமான ஈவ்லின் பைப்பரின் 1957 நாவலில் கதை நடப்பது நியூயார்க்கில்.

★ ‘ஃப்ளைட்பிளான்’ (2005) படத்தில் நடுவானில் மகளைத் தொலைத்துவிட்டுத் தவிக்கும் ஜோடி ஃபாஸ்டரின் பாத்திரம், முதலில் ஓர் ஆணுக்காக எழுதப்பட்டது. ஜப்பானிய ‘ரிங்’கிலும் இதே மாற்றம்: 1991-இல் கோஜி சுசுகி எழுதிய நாவலில் நிருபர் ஆண், மனைவியும் மகளும் உண்டு. 1998-இல் ஹிடியோ நகாதா படமாக்கியபோது அவர் இடத்துக்குத் தனியாக மகனை வளர்க்கும் ஒரு தாய் வந்தாள்.

★ க்ளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘சேஞ்ச்லிங்’ (2008) கற்பனை இல்லை. 1928 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸில் கிறிஸ்டீன் காலின்ஸ் என்பவரின் ஒன்பது வயது மகன் வால்டர் காணாமல் போனான். ஐந்து மாதம் கழித்து போலீஸ் ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்தியது. “இவன் என் மகன் இல்லை” என்றார் தாய். சில நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பல் மருத்துவரின் பதிவேடுகளோடு அவர் திரும்பி வந்தார். கேப்டன் ஜே.ஜே.ஜோன்ஸ் அவரை மனநல வார்டில் அடைத்தார்!

வந்தவன் அயோவாவைச் சேர்ந்த 12 வயதுப் பையன். கௌபாய் நடிகர் டாம் மிக்ஸைப் பார்க்கும் ஆசையில் பொய் சொன்னவன். அவன் உண்மையை ஒப்புக்கொண்ட பிறகே அந்தத் தாய்க்கு விடுதலை. பின்னர் ஜோன்ஸ் மீது வழக்குப் போட்டு 10,800 டாலர் இழப்பீடு வென்றார். அந்தப் பணம் கைக்கு வரவே இல்லை. வால்டரும் வரவில்லை.

★ 1964-இல் கணவரை இழந்தபோது மேரி ஹிக்கின்ஸ் கிளார்க்குக்கு ஐந்து குழந்தைகள். வேலைக்குக் கிளம்பும் முன், விடியற்காலை 5 மணிக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினார். அப்படி உருவானதுதான் ‘வேர் ஆர் த சில்ட்ரன்?’ (1975). முதல் திருமணத்துப் பிள்ளைகளைக் கொன்றதாகப் பழி சுமந்து, பெயரை மாற்றிக்கொண்டு கேப் காட் பகுதிக்கு வந்தவள் நான்சி. அங்கே பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஒருநாள் மாயமாகிறார்கள். ஊர் யாரைச் சந்தேகிக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? கிளார்க்கின் முதல் பெரிய வெற்றி இந்த நாவல்.

★ ‘பாபநாசம்’ (2015) என்றதும் கமல்தான் நினைவுக்கு வருவார். கதையைத் தாங்குவது எதிரெதிரே நிற்கும் இரண்டு தாய்மார்கள் என்பேன். மகளைக் காக்கப் போராடும் கௌதமி ஒருவர். மகனைத் தேடும் போலீஸ் ஐ.ஜி. இன்னொருவர். அவருடைய கையில் அதிகாரம் எல்லாம் இருந்தும் பிள்ளை மட்டும் கிடைப்பதில்லை. அந்த ஐ.ஜி.யாக, மூலமான 2013-இன் மலையாள ‘த்ரிஷ்யம்’, தமிழ்ப் படம் இரண்டிலுமே நடித்தவர் ஆஷா சரத். இரண்டையும் இயக்கியவர் ஜீத்து ஜோசப். இந்தியில் அதே வேடத்தைச் செய்தவர் தபு.