பாட்டுக்கு முன்னால் கைடு

‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்ற கேள்விக்குப் பிள்ளைகள் எழுதும் விடைகளை ஒரு கட்டாகப் படித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே கை எழுதியதுபோல் இருக்கும். இடம், பொருள், விளக்கம் என்ற மூன்று தலைப்புகளின் கீழ் கைடில் உள்ள அதே வாக்கியங்கள். வீட்டில் செய்துவரச் சொல்லும் ஒப்படைப்புக்கும் இப்போது அதே கதி. செல்போனில் கேட்டால் நிமிடத்தில் விளக்கம் வந்துவிடுகிறது. பாட்டை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாயா என்று கேட்க ஆளில்லை. இது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

குறுந்தொகையின் 40ஆம் பாடலையே எடுத்துக்கொள்வோம். செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமையாகச் சொல்லும் ஐந்தடிப் பாட்டு. பாடியவர் பெயர் தெரியாததால் உவமையே பெயராகி, செம்புலப்பெயல்நீரார் ஆனார். பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியிடம் தலைவன் சொன்னது என்கிறது பழைய கூற்றுக் குறிப்பு. பிள்ளைகளும் அதையே எழுதுகிறார்கள். ஆனால் பேசுவது ஆணா பெண்ணா என்று காட்டும் சொல் அந்த ஐந்தடியில் ஒன்றுகூட இல்லை. தலைவியே பேசினால்? அடுத்தடுத்து வரும் மூன்று கேள்விகளிலும் வியப்பு மறைந்து பயம் ஒலிக்குமே! நீர் மண்ணின் நிறத்தை ஏற்கிறது. அப்படியானால் இருவரில் யார் நீர், யார் மண்? இப்படி யோசிக்கும் பிள்ளைக்கு விடைக்குறிப்பில் மதிப்பெண் கிடையாது.

நம் உரைகாரர்கள் ஒரே விடையைப் பிடித்துக்கொண்டு வாசித்தவர்கள் அல்லர். திருக்குறளுக்குப் பழைய உரைகள் பத்து என்பார்கள். மணக்குடவரும் பரிமேலழகரும் பல குறள்களின் பொருளில் வேறுபடுகிறார்கள். அதிகார வரிசையில்கூட ஒத்துப்போகவில்லை. குறுந்தொகைக்குப் பேராசிரியர் எழுதியதாகச் சொல்லப்படும் உரை நமக்குக் கிடைக்கவே இல்லை. 1937இல் அந்நூலைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் தாமே உரை எழுதி, பிற நூல்களில் ஒத்த இடங்களைத் தேடித் தொகுத்து ஒப்புமைப் பகுதியும் சேர்த்தார்.

அத்தனை விடைத்தாள்களையும் ஒரே அளவில் திருத்தப் பொதுவான விடைக்குறிப்பு வேண்டும் என்கிறார்கள் ஆசிரியர்கள். பொதுத்தேர்வுக்குச் சரி. ஒப்படைப்புக்கு என்ன தடை? கைடைத் திறக்கும் முன் பாட்டைக் கையால் எழுதட்டும். தெரியாத சொல்லுக்கு அகராதி பார்க்கட்டும். பேசுவது யார், எந்தச் சொல்லை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லலாம். பேசுவது தலைவிதான் என்று ஒரு மாணவி எழுதினால், சிவப்பு மையால் அடிக்காமல், எந்த அடியைக் கொண்டு சொன்னாய் என்று கேளுங்கள். அவள் அடியைக் காட்டிவிட்டால் முழு மதிப்பெண் போடுங்கள்.