ஆள் மாறினாலும் வண்டி ஓட வேண்டும்

சங்க நூலகத்தில் எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, ஞாயிறு தமிழ் வகுப்புக்கு யார் யார் வந்தார்கள், பொங்கல் விழாவுக்கு எத்தனை குடும்பங்கள் வருகின்றன? இவற்றையெல்லாம் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ள ஓர் இணையச் செயலி இருந்தால் நல்லது என்று நினைக்காத சங்கமே இன்று இருக்காது. நம் பிள்ளைகளில் மென்பொருள் படித்தவர்களுக்கும் குறைவில்லை. ஆர்வமுள்ள ஒருவர் இரண்டு மாதத்தில் செய்து கொடுத்தும் விடுவார். பிறகு அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கும். அவர் போனதும் செயலி படுத்துவிடும். கடவுச்சொல் யாரிடமும் இருக்காது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் மாறும் நமக்கு இது சிறிய தொல்லை அல்ல. ஒவ்வொரு முறையும் சங்கத்தின் பல வருட உழைப்பு காணாமல் போகிறது.

நான் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புத்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள வடமாலபேட்டையில் வசிக்கிறேன். மென்பொருள் என் தொழில் அல்ல. பெங்களூரில் அந்தத் தொழிலில் இருக்கும் என் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை, எனக்குத் தெரிந்த ரயில்வே பாஷையில் சொல்கிறேன்.

செயலியின் மூன்று பாகங்கள்

2002 ஆகஸ்டு முதல் நாம் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் டிக்கெட் எடுக்கிறோமே, அது ஓர் இணையச் செயலிதான். நம் கண்ணுக்குத் தெரியும் திரை, டிக்கெட் கவுண்டர் மாதிரி. அதற்குப் பின்னால் வேறொரு கணிப்பொறியில் ஓடும் நிரல், உள்ளே உட்கார்ந்து விதிப்படி முடிவு செய்யும் அலுவலர். விவரங்கள் சேமிக்கப்படும் இடம், பதிவேடு. இந்த மூன்றையும் மூன்று பேர் மூன்று ஊர்களில் இருந்துகொண்டு செய்யலாம். ஆனால் முன்கூட்டியே சில விஷயங்களில் ஒத்துப்போக வேண்டும்.

முதலில் கேஜ் ஒன்றாகட்டும்

எங்கள் பக்கத்துப் புத்தூர் வழியாகப் போகும் பாதையை அரக்கோணத்திலிருந்து மெட்ராஸ் ரயில்வே போட்டது. பம்பாயிலிருந்து கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே மற்றொரு பாதையைப் போட்டு வந்தது. இரண்டும் 1871-இல் ராய்ச்சூரில் சேர்ந்தன. கம்பெனிகள் வேறானாலும் இரண்டுக்கும் தண்டவாள அகலம் ஐந்தடி ஆறு அங்குலம் என்பதால் சேர முடிந்தது. விழுப்புரத்திலிருந்து காட்பாடி, பாகாலா பக்கம் வந்த பாதையோ மீட்டர் கேஜ். அந்த நாட்களில் காட்பாடியில் மூட்டை முடிச்சுகளுடன் வண்டி மாறியவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும்.

தமிழுக்கும் கணிப்பொறியில் இந்தக் கேஜ் தொல்லை இருந்தது. 1990-களில் ஒவ்வோர் எழுத்துருவும் ஒரு கேஜ். ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றவர் திரையில் புரியாத குறிகளாக வந்து விழும். இன்று யூனிகோடு என்ற பொதுப் பாதை இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்துவோம் என்பது முதல் தீர்மானமாக இருக்கட்டும். தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுவதா, மாற்றி எழுதுவதா என்பது இரண்டாவது. மூன்றாவது, பெயர். குடும்பப் பெயர் கட்டாயம் என்று படிவத்தில் வைத்தால், அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டுக்கொள்ளும் நம்மவர்களில் பாதிப் பேர் பதியவே முடியாது.

ஒற்றைப் பாதையும் டோக்கனும்

ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் போகலாம். அதற்கு அத்தாட்சியாக நீல்ஸ் டோக்கன் கருவியிலிருந்து ஓர் இரும்புக் குண்டை எடுத்து டிரைவரிடம் கொடுப்போம். அது வெளியே இருக்கும்வரை இரு முனைக் கருவிகளிலிருந்தும் இன்னொரு குண்டு வராது. 1982-இல் வால்டர் டிக்கி என்பவர் விவரித்த ஆர்.சி.எஸ். என்ற மென்பொருளும் ஏறக்குறைய இப்படித்தான். ஒருவர் ஒரு கோப்பைத் திருத்தப் பூட்டி எடுத்துக்கொண்டால், அவர் திருப்பித் தரும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பாதுகாப்பானதுதான். ஆனால் குண்டை எடுத்தவர் லீவில் போய்விட்டால்?

இந்தக் காத்திருப்பை நீக்கிய கருவிகளில் இன்று பரவலாக இருப்பது கிட். லினக்ஸ் மென்பொருளை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2005 ஏப்ரலில் இதை எழுதத் தொடங்கினார். இதில் ஒவ்வொருவரிடமும் முழு நிரலும் அதன் முழு வரலாறும் இருக்கும். மெயின் லைனைத் தொடாமல் அவரவர் தனிக் கிளையில் வேலை செய்து, முடிந்ததும் இணைக்கலாம். இருவர் ஒரே வரியை வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால் கருவி நின்று, சிவப்பு விளக்கைக் காட்டிவிடும். எது சரி என்று மனிதர்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துடனும் யார், எப்போது, என்ன காரணத்துக்காகச் செய்தார் என்ற குறிப்பும் பதிவாகும். நம் ஸ்டேஷன் டைரி மாதிரிதான். ‘சில திருத்தங்கள்’ என்று மட்டும் எழுதிவைத்தால் அடுத்தவருக்கு ஒன்றும் புரியாது. ‘இரண்டு இனிஷியல் உள்ள பெயரையும் ஏற்கும்படி மாற்றியது’ என்று எழுத வேண்டும்.

போட்டவரே பாஸ் செய்யலாமா?

புதுப் பாதையில் பயணிகள் வண்டி ஓட வேண்டுமானால் ரயில் பாதுகாப்பு ஆணையர் பார்வையிட்டு அனுமதிக்க வேண்டும். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். பாதை போட்டவர்களின் அவசரம் பார்வையிடுபவரைத் தொடக் கூடாது என்பதே அதன் பொருள். செயலியிலும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே மெயின் லைனில் சேர்க்க வேண்டும். சோதனைக்குக் கற்பனைப் பெயர்களையே பயன்படுத்துங்கள். குழந்தைகளின் பெயரும் தொலைபேசி எண்ணும், கடவுச்சொற்களும், நிரலுடன் கலந்துவிடக் கூடாது. 2023-இல் நிறைவேறிய நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குழந்தைகளின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது.

பெரியவர்களுக்கும் வேலை உண்டு

நிரல் எழுதத் தெரியாதவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் உள்ள தமிழர்கள் நம் இலக்கியங்களைக் கணிப்பொறியில் ஏற்றினார்கள். ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் பிழை திருத்த, அவர்கள் பெயர்கள் நூலின் முகப்பிலேயே இடம்பெற்றன. முதலில் பயன்பட்ட எழுத்துமுறை மாறி யூனிகோடு வந்தபோதும் அந்த உழைப்பு வீணாகவில்லை.

நம் செயலியில் தமிழ்ச் சொற்களைச் சரிபார்ப்பதும், முதலில் பயன்படுத்திப் பார்ப்பதும் பெரியவர்கள் செய்யக்கூடியவை. ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், என்ன செய்தேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பாதி வேலை மிச்சம்.

சார்ஜ் ஒப்படைப்பு

மாற்றல் உத்தரவு வந்தால் சார்ஜ் ஒப்படைக்காமல் ரயில்வேயில் யாரும் கிளம்ப முடியாது. டோர்வால்ட்ஸ் கூட 2005 ஜூலையிலேயே கிட்டின் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்தார். எழுதியவர் கை மாற்றிவிட்ட பிறகுதான் அது உலகெங்கும் பரவியது.

ஆகவே கணக்குகள் தனி ஒருவர் பெயரில் இல்லாமல் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். சாவி குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். செயலியை எப்படி நிறுவுவது, எப்படி ஓட்டுவது, இணைய முகவரியை எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி நிரலுடனேயே வையுங்கள். அந்தக் குறிப்பு போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. செய்தவர் பக்கத்தில் இல்லாமல், அந்தக் குறிப்பை மட்டும் படித்து, வேறொருவர் தன் கணிப்பொறியில் செயலியை ஓட்டிக் காட்ட வேண்டும். முதலில் நூலகப் பதிவேடு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்தச் சோதனையில் தேறிய பிறகு தமிழ் வகுப்பு, விழா என்று விரிவாக்கலாம். செய்து கொடுத்த பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும், அங்கிருந்தபடியே தொடர்ந்து கை கொடுக்கவும் இதே ஏற்பாடு உதவும்.