கூரையில் சோலார் இருக்கிறது, கம்பியில் இடமிருக்கிறதா?

கடைக்கூரையில் இலட்சக்கணக்கில் செலவழித்து சோலார் பூட்டியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கரண்ட் போனால் என் கடையும் இருட்டுத்தான். பிறகு எதற்கு இந்தச் செலவு?" நியாயமான கேள்விதான். பதில் கூரையில் இல்லை, வீதியில் ஓடும் கம்பியில் இருக்கிறது.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததே காரணம் என்றார்கள். எல்லோரும் குரங்கைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் ஒரு குரங்கால் ஒரு நாடே இருளுமென்றால் குறை குரங்கில் மட்டும் இருக்க முடியாது.

நமது மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று என்ற சீரான ஓட்டத்தில் நிற்க வேண்டும். அரிசி ஆலையின் கனத்த சில்லு, இயந்திரம் தடுமாறினாலும் உடனே நின்றுவிடாமல் சுழலும் அல்லவா? நீர், அனல் மின்நிலையங்களின் பாரிய சுழலிகளும் அப்படித்தான், கோளாறு வந்தால் சுதாரிக்கச் சில நொடிகள் தருகின்றன. சோலாரில் சுழலும் பாகமே கிடையாது. அன்று ஞாயிறு. தொழிற்சாலைகள் பூட்டு, பாவனை குறைவு, வெயிலோ நன்றாக இருந்தது. மொத்த மின்சாரத்தில் பெரும் பங்கு கூரைகளிலிருந்து வந்ததால் பாரமான இயந்திரங்கள் சிலவே ஓடிக்கொண்டிருந்தன. ஆகவே ஓர் அதிர்வைத் தாங்கப் பலமில்லாமல் போயிற்று. நுரைச்சோலையின் 300 மெகாவொட் இயந்திரங்கள் மூன்றும் நின்றன. அவற்றை மீண்டும் இயக்க நாட்கள் எடுத்ததால், தொடர்ந்து ஒன்றரை மணி நேர மின்வெட்டையும் அனுபவித்தோம்.

அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயில் எரிக்கும் நேரத்தில் முதலைப் போட்டவனிடம் அணைத்து வை என்பது வேடிக்கைதான்.

இன்னொரு சிக்கல் உங்கள் வீதி ட்ரான்ஸ்போமர். மின்சாரத்தைக் கீழே இறக்கித் தரவே அது அமைக்கப்பட்டது, மேலே திருப்பி அனுப்ப அல்ல. ஜும்ஆவுக்குக் கடைகள் அடைபடும் நண்பகலில் வீதியில் பாவனை இல்லை, கூரைகளோ முழு மூச்சாக ஊற்றுகின்றன. வோல்டேஜ் 230ஐத் தாண்டி ஏறுகிறது, ஓரளவுக்கு மேல் போனதும் இன்வேர்ட்டர் தானே நின்றுவிடுகிறது. வீதி மின்சாரம் போனாலும் அப்படியே. கம்பி திருத்தும் ஊழியரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு.

2030இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி என்பது அரசின் இலக்கு. அதற்குத் தகடுகள் மட்டும் போதாது. உப மின்நிலையங்களில் பெரிய பெட்டரிகள், மன்னார்க் காற்றைத் தெற்குக்குக் கொண்டுவரும் கம்பிகள், தூரத்திலிருந்தே இன்வேர்ட்டரைக் கட்டுப்படுத்தும் வசதி எல்லாம் வேண்டும். அரநாயக்கப் பக்கம் 600 மெகாவொட் நீரேற்று மின்திட்டம் நீண்ட காலமாகத் திட்டத்தில் இருக்கிறது.

அதுவரை நாம் என்ன செய்வது? சோலார் விற்பவர் காட்டும் வருமானக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். முதலில் உங்கள் ட்ரான்ஸ்போமரில் இடமிருக்கிறதா என்று மின்சார அலுவலகத்தில் கேளுங்கள். விற்கும் அலகை விட, பகலில் கூல்ரூமும் ப்ரீசரும் உண்ணும் அலகைக் கணக்கிட்டுத் தகடு போடுங்கள். கரண்ட் போன நேரத்திலும் கடை ஓட வேண்டுமானால் பெட்டரியோடு இயங்கும் ஹைபிரிட் இன்வேர்ட்டர் தேவை. விலை கூடுதல்தான். ஆனால் நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்சக் கட்டணத்தையும் அதே பெட்டரி குறைத்துத் தரும்.