மாசி, பங்குனி: மிச்சத்தில் விளையும் சந்தோஷம்

மார்ச் பிறந்தால் இணையம் முழுக்க வசந்தம்தான். எங்கோ பனி உருகுது, ஜப்பானில் செர்ரி பூக்குது. தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து இதைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சின்னச் சிக்கல். தமிழ்க் கணக்குப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அக்னி நட்சத்திரமே அதில்தான் வருது! மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம்.

பெயர் என்னவாக இருந்தாலும், காவிரி டெல்டாவில் மனசு லேசாகிற மாதங்கள் இவைதான். சம்பா அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு இருக்கும். வெயில் இன்னும் முழுசாக ஏறியிருக்காது. இந்த இரண்டு மாதத்துச் சின்னச் சின்ன சந்தோஷங்களை எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் பட்டது. இதில் பெரும்பாலானவை எதற்காவது மிச்சமாக வருபவை. மிச்ச ஈரம், சிந்திய நெல், உதிர்ந்த பூ, வற்றிய ஆறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மிச்ச ஈரம்

மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. அதாவது தை நடுவில் வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிடும். ஆனால் டெல்டாவின் களிமண் உடனே காய்ந்துவிடாது. அந்த ஈரத்தை நம்பி ஒரு பயிரே இருக்கு: நெல் தரிசுப் பயறு.

செய்முறை ரொம்ப எளிமையானது. சம்பா அறுப்புக்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்னால், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையோ பச்சைப்பயறையோ விதைத்துவிடுவார்கள். ஏக்கருக்குச் சுமார் பத்து கிலோ விதை. உழவு கிடையாது, பாத்தி கிடையாது, தண்ணீர் பாய்ச்சுவதும் கிடையாது. ஆட்கள் நெல்லை அறுத்து எடுக்கும்போது தாளுக்கு நடுவில் இரண்டு மூன்று இலையோடு பயறு எட்டிப் பார்க்கும். அதுக்கப்புறம் மண்ணின் ஈரமும் இரவில் இறங்கும் பனியும்தான் அதன் சாப்பாடு. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே ஆடுதுறை 3 போன்ற ரகங்களைக் கொடுத்திருக்கிறது. சுமார் எழுபது நாளில் காய் முற்றிவிடும்.

பழுப்பாகக் கிடக்க வேண்டிய வயல் மறுபடி பச்சையாவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். அதைவிடப் பெரிய சந்தோஷம், பிஞ்சுக்கும் முற்றலுக்கும் இடையில் இருக்கும் பச்சைப்பயறு. வரப்பில் நடக்கும்போதே பறித்து உரித்துத் தின்னலாம். தோலோடு உப்புப் போட்டு அவித்தால் சாயங்காலத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். புது உளுந்து வந்தால் இட்லி மாவுக்கும் யோகம். "புது உளுந்து, மாவு நல்லா காணுது" என்று சொல்வதை எந்த வீட்டிலும் கேட்கலாம். போதாக்குறைக்கு வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்த்து அடுத்த நெல்லுக்கும் விட்டுவிட்டுப் போகிறது.

சிந்திய நெல்லும் தாளும்

பயறு விதைக்காத வயல்களுக்கு விருந்தாளிகள் வருவார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து கிடை போடுவார்கள். பகலில் மேய்ச்சல், ராத்திரி யாராவது ஒருவர் வயலில் பட்டி. ஆட்டுக்குத் தீனி, வயலுக்கு எரு, கீதாரிக்குக் கூலி. அதே மாதிரி மேய்ச்சல் வாத்துகள். நூற்றுக்கணக்கில் வரிசையாக வரப்பேறி இறங்கி, உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் பொறுக்கும். பஸ்ஸில் போகிறவர்கூட ஒரு நிமிஷம் திரும்பிப் பார்ப்பார்.

மரத்தடி

பங்குனியில் வேம்பு பூக்கும். காலையில் மரத்தடி முழுக்க வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும். முதல் நாள் ராத்திரியே பழைய வேட்டியை விரித்து வைப்பவர்கள் உண்டு. மண் ஒட்டாமல் கிடைக்குமே! காயவைத்து டப்பாவில் போட்டால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் அதுதான்.

மாமரம் இன்னும் தாராளம். பூக்கும் பூவில் மிகச் சிறு பங்குதான் காயாகி நிலைக்கும். கோலிக்குண்டு அளவுப் பிஞ்சுகளையும் காற்று அடித்து உதிர்க்கும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. மாவடு ஊறுகாய்க்குக் காம்போடு பறித்த பிஞ்சுதான் நல்லது. விழுந்து அடிபட்டது சீக்கிரம் கெட்டுப்போகும். விளக்கெண்ணெய் தடவி, உப்பில் போட்டு, தினமும் குலுக்கிவிட்டால் பிஞ்சு சுருங்கித் தன் தண்ணீரைத் தானே விடும். அடிபட்ட பிஞ்சுகள்? அவை பிள்ளைகளுக்கு, உப்பு மிளகாய்ப்பொடியோடு.

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரத்தில் சில வீடுகளில் காரடையான் நோன்பு. அரிசி மாவில் காராமணி சேர்த்து வெல்ல அடை, பக்கத்தில் உருக்காத வெண்ணெய். அறுவடையும் பயறும் ஒரே இலையில் வந்துவிடும்.

வற்றிய ஆறு

ஆறு வற்றினால் சோகம்தானே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். ஆனால் டெல்டாப் பிள்ளைகளுக்கு அது மைதானம். கிளை ஆறுகளில் மணல் தெரிந்ததும் கிரிக்கெட் ஸ்டம்ப் இறங்கிவிடும். தாகம் எடுத்தால் மணலைக் கையால் தோண்டினாலே ஊற்று சுரந்த காலம் ஒன்று உண்டு. மணல் அள்ளி ஆற்றின் படுகை இறங்கிய இடங்களில் இன்று அது நடக்காது.

மிச்சம் எப்படிக் குறைகிறது

மிச்சத்தில் வருவதற்கு ஒரு பலவீனம் உண்டு. முன்னால் நடக்க வேண்டியது நேரத்துக்கு நடந்தால்தான் பின்னால் மிச்சம் இருக்கும். 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கவில்லை. 2016-ல் செப்டம்பர் 20, 2017-ல் அக்டோபர் 2. 2020-ல்தான் மறுபடி குறித்த நாளில் திறந்தது. தண்ணீர் தாமதமானால் நடவு தாமதம், அறுப்பு மாசிக்குத் தள்ளிப்போகும். அப்போது விதைக்கும் பயறுக்குப் பனி கிடைக்காது, பூக்கிற நேரத்தில் வெயில் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று அறுவடை மிஷின். ஆள் கிடைக்காத ஊரில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முளைத்த பயறை அது நசுக்கிவிடும், துப்பும் வைக்கோல் மிச்சத்தை மூடிவிடும். அதனால் மிஷின் வருவதற்குச் சற்று முன்னால் விதைக்கிறார்கள், அல்லது அறுத்தபிறகு உழுது விதைக்கிறார்கள். உழவுக்கூலி சேர்ந்தால் அது செலவில்லாத பயிர் இல்லை. ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் பருத்திக்கோ கோடை நெல்லுக்கோ போய்விடுகிறார்கள். அவர்களுக்கு அதில் வருமானம் அதிகம், நியாயம்தான்.

ஆக, அவித்த பச்சைப்பயறு ஒரு கிண்ணம் கைக்கு வருவதற்கு மேட்டூர் மதகு, களிமண், பனி, அறுக்கும் ஆள் எல்லாம் ஒத்துப்போக வேண்டியிருக்கு. பங்குனியில் கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியே வயலைக் கவனியுங்கள். தாளுக்கு நடுவே குட்டையாகப் பச்சை தெரிந்தால், அந்த வருஷம் தண்ணீர் நேரத்துக்கு வந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம்.