நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர்.
17.01.1917 – 24.12.1987

இலங்கையின் திம்புள்ளைத் தோட்டங்களுக்கு மலையேறும் ரயில், அட்டனைத் தொடுமுன் நிற்கும் ஊர் நாவலப்பிட்டி. மருதூர் கோபாலமேனன் இராமச்சந்திரன் பிறந்த ஊர் அது. சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாய் சத்தியபாமா பிள்ளைகளோடு கடல் கடந்து கும்பகோணத்தில் குடியேறினார். வறுமை, இராமச்சந்திரனையும் அண்ணன் சக்கரபாணியையும் பள்ளியிலிருந்து நாடகக் கம்பெனிக்கு அனுப்பியது.

தேயிலைத் தோட்டமும் முதல் படமும்
1936இல் வெளியான 'சதி லீலாவதி' அவரது முதல் படம். சிறிய போலீஸ் அதிகாரி வேடம். இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், கதை எஸ்.எஸ்.வாசனுடையது. கொலைப்பழிக்கு அஞ்சிய கதாநாயகன் இலங்கைக்குத் தப்பி வந்து, தேயிலைத் தோட்டத்தில் கூலியாகப் பாடுபடுகிறான். அந்த வேடத்தில் நடித்தவர் எம்.கே.ராதா.

கதாநாயகன் முதல் முதலமைச்சர் வரை
1947 – 'ராஜகுமாரி': பதினோரு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் கதாநாயகன்
1954 – 'மலைக்கள்ளன்': மாபெரும் வெற்றி
1958 – 'நாடோடி மன்னன்': இரட்டை வேடம், தயாரிப்பும் இயக்கமும் அவரே
1971 – 'ரிக்‌ஷாக்காரன்': சிறந்த நடிகருக்கான தேசிய விருது
1977 – தமிழ்நாட்டு முதலமைச்சர்; இறக்கும்வரை பெரும்பாலும் அப்பதவியில்
1988 – மறைவுக்குப் பின் பாரத ரத்னா