நின்ற இடத்திலேயே நூறு கிலோமீட்டர் வேகம்!

அப்பச்சி ஓட்டி ஓய்ந்த 2005 மாடல் ஸ்விஃப்ட், போன வருஷம் தம்பி கைக்கு வந்தது. சாவியை வாங்கியதுமே அவன் கேட்ட கேள்வி: "இந்த இன்ஜின்ல இன்னும் எவ்வளவு உசுரு இருக்கு?"

கம்பெனி அன்று சொன்ன கணக்கு 87 குதிரைத்திறன். இன்றைய கணக்கைச் சொல்ல ஒரு கருவி உண்டு. பெயர் டைனமோமீட்டர், கார் பிரியர்கள் வாயில் 'டைனோ'. தரையில் பதித்த கனமான உருளைகள் மேல் காரின் சக்கரங்களை ஏற்றி, வண்டியைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. உருளையை இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறது என்பதை வைத்து கம்ப்யூட்டர் சக்தியைக் கணக்கிடும். ஒரு குதிரைத்திறன் என்பது சுமார் 746 வாட்.

சென்னை அருகே ஒரகடம் சோதனை மையம் போன்ற இடங்களில் புகை அளவைச் சோதிக்கவும் இதே உருளைகள்தான். நம்மைப் போன்றவர்களுக்கு கோயம்புத்தூர்தான் சரி. கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ள ஊர், ரேஸ் கார் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.

அங்கே போகும் முன், காரைக்குடியில் எங்கள் மெக்கானிக் அண்ணன் வண்டியை இரண்டு நாள் வைத்துக்கொண்டார். முதலில் டயர். நம்மூர்ச் செம்மண் பாதையில் ஓடிய வண்டி, பள்ளமெல்லாம் சரளைக்கல். நூறைத் தாண்டிய வேகத்தில் ஒரு கல் தெறித்தால் நிற்பவர் கண் போய்விடும். ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தோம். அப்புறம் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைக் காட்டினார். 1416 என்றால் 2016-ம் வருஷம் 14-வது வாரத்தில் தயாரானது. "பட்டன் நல்லாத்தானே இருக்கு?" என்றார் அப்பச்சி. பட்டன் இருந்தாலும் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. முன்சக்கரம் இரண்டுக்கும் புது டயர். காற்று இரண்டிலும் ஒரே அளவு. குறைந்தால் டயர் சூடேறும், கணக்கும் தப்பும்.

அடுத்தது குளிர்ச்சி. ரோட்டில் எதிர்க்காற்று ரேடியேட்டரைத் தணிக்கும். இங்கே முன்னால் வைக்கிற ஃபேன்தான் கதி. அதனால் ஹோஸ், பெல்ட், ரேடியேட்டர் மூடி எல்லாம் பார்த்தாக வேண்டும். அப்பச்சி வருஷக்கணக்காகப் பச்சைத் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறார். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க இனிக்கும். ரேடியேட்டருக்கு கூலன்ட்தான் வேண்டும்.

இன்ஜின் ஆயில் கோட்டுக்கு மேலும் போகக் கூடாது, கீழும் போகக் கூடாது. ஒழுகல் இருக்கவே கூடாது. உருளையில் ஒரு சொட்டு விழுந்தாலே சக்கரம் வழுக்கும். ஏர் ஃபில்டர், பிளக் பார்த்தாயிற்று. டேங்கில் பாதிக்குக் குறையாமல் புது பெட்ரோல். டிக்கியில் கிடந்த ஜாக்கி, குடை, எப்போதோ வாங்கிய அரிசிப்பை எல்லாம் வீட்டுக்குப் போயின.

பம்பரில் தொங்கிய எலுமிச்சை மிளகாயையும் கறுப்புக் கயிற்றையும் அவிழ்க்கத்தான் பெரும் பஞ்சாயத்து. "சுத்துற சக்கரத்துல கயிறு மாட்டுச்சுன்னா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க ஐயா" என்றார் மெக்கானிக். அப்பச்சியே அவிழ்த்து, டேஷ்போர்டுக்குள் பத்திரப்படுத்தினார்.

கோவையில் பெரும்பாலான கார்களைப் போல நாலாவது கியரில் ஓட்டினார்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். திரையில் வரும் எண் 87-ஐத் தொடாது. கம்பெனி சொல்வது இன்ஜினில் அளந்தது. கியர்பாக்ஸும் அச்சும் டயரும் தின்றது போக மிச்சம்தான் சக்கரத்துக்கு. இதற்காகப் பட்டறைக்காரரிடம் சண்டை போடாதீர்கள்.

எங்களுக்கு வந்ததோ அதற்கும் ரொம்பக் கீழே. இன்ஜின் சுழற்சி எகிறியது, உருளை வேகம் ஏறவில்லை. "இன்ஜின் நல்லா இருக்கு. கிளட்ச் வழுக்குது" என்று ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் பார்க்காமல் விட்டது அது ஒன்றுதான். காலி ரோட்டில் டாப் கியரில் மெதுவாகப் போகும்போது சட்டென மிதித்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அது தெரியாமல் இன்ஜின் டியூனிங்குக்கு முன்பணம் கொடுக்க இருந்தான் தம்பி.

வீட்டுக்கு வந்து சொன்னோம். "கொடைக்கானல் போனப்பவே தெரியும். ரேஸ் ஏறும், வண்டி ஏறாது" என்றார் அப்பச்சி.

"அதை ஏன் அப்பச்சி முன்னாடியே சொல்லல?"

"நீ இன்ஜினைப் பத்தித்தானே கேட்ட?"