785 ஸ்போர்ட்ஸ் கார்களும் எங்க மாமாவோட ஒரு காரும்

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எலவனாசூர்கோட்டை. சென்னையிலிருந்து சேலம் போறப்ப உளுந்தூர்பேட்டையில திருச்சி ரோட்டை விட்டுட்டு வலது பக்கம் திரும்புவோம் இல்லையா, அந்த ரோட்டுல கள்ளக்குறிச்சிக்கு முன்னாடி வர்ற ஊர். உங்கள்ல நிறைய பேர் பஸ்ஸுல தூங்கிக்கிட்டே தாண்டிப் போயிருப்பீங்க.

திண்ணையில உட்கார்ந்து இந்த எபிசோடுக்காக நோட்ஸ் எடுத்துக்கிட்டிருந்தேன். மாமா வந்து எட்டிப் பார்த்து, "என்னா மாப்ள, லீவுலயும் ஆபீஸா?"ன்னு கேட்டார். "இல்ல மாமா, போர்ஷேன்னு ஒரு கார். வித்த 785 காரையும் கம்பெனி திரும்பக் கூப்பிட்டுச்சு. அதைப் பத்தித்தான்"னேன். அவர் கேட்ட கேள்விதான் இன்னைக்கு எபிசோடே: "காசு வாங்கி, சாவியும் குடுத்தாச்சு. அப்புறம் எதுக்குக் கூப்பிடறான்?"

இரண்டு கார் எரிஞ்சது, 785 கார் நின்னது

2013 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் ஷோவில் போர்ஷே ஒரு காரைக் காட்டியது: 911 ஜிடி3. 3.8 லிட்டர் எஞ்சின், 475 குதிரைத்திறன். ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் பேசினது வேற ஒரு நம்பரைப் பத்தி: 9,000 ஆர்பிஎம். அதாவது நிமிஷத்துக்கு 9,000 சுற்று, ஒரு செகண்டுக்கு 150. நீங்க "ஒண்ணு"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள பிஸ்டன் 150 தடவை மேல போய்க் கீழ வந்திருக்கும்.

2014 தொடக்கத்தில் ஐரோப்பாவில் இரண்டு ஜிடி3 கார்கள் தீப்பிடித்தன. பிப்ரவரியில் போர்ஷே அதுவரைக்கும் டெலிவரி கொடுத்திருந்த 785 பேருக்கும் சொன்னது: காரை ஓட்டாதீங்க, நாங்களே வந்து எடுத்துட்டுப் போறோம். மார்ச்சில் காரணத்தையும் சொன்னார்கள். கனெக்டிங் ராடில் இருந்த ஒரு போல்ட் இணைப்பு தளர்ந்துபோயிருந்தது.

கனெக்டிங் ராட் எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச சாமான். டீசல் பம்ப்செட் வெச்சிருந்தவங்ககிட்ட கேளுங்க. மேல கீழ போற பிஸ்டனையும், சுத்தற கிராங்க்கையும் இணைக்கிற தண்டு அது. கிராங்க்கைச் சுத்தி அதைக் கவ்விப் பிடிக்க வைக்கிறது போல்ட்டுகள்தான். கரும்புக்குத் தண்ணி இறைக்கிற பம்ப்செட் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுத்தினா அதிகம். இங்க 9,000. அந்த வேகத்துல போல்ட் தளர்ந்தா, ராட் எஞ்சினோட உள்சுவரையே உடைச்சுக்கிட்டு வெளிய வரும். எண்ணெய் வெளிய கொட்டும். சூடான எஞ்சின் மேல எண்ணெய் பட்டா தீதான். ரெண்டு கார்லயும் நடந்தது இதுதான்.

போர்ஷே என்ன செஞ்சது? போல்ட்டை முறுக்கிவிட்டு அனுப்பலை. 785 காருக்கும் புது எஞ்சின், மேம்படுத்தின போல்ட்டுகளோட.

கவனிங்க: எரிஞ்சது 2, நின்னது 785. மீதி 783 கார்ல எந்தப் புகாரும் வரலைன்னாலும், அதே டிசைன், அதே போல்ட். நம்ம பாஷையில சொன்னா, புரொடக்‌ஷன்ல ரெண்டு சர்வர் விழுந்திருக்கு, ஆனா அதே கோடு எல்லா சர்வர்லயும் ஓடுது. ரெண்டை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணிட்டு வீட்டுக்குப் போக மாட்டோம்.

மாமா கேள்விக்கு இதுதான் பதில். ரிப்பேர்ங்கிறது உங்க கார்ல வந்த கோளாறுக்கு. ரீகால்ங்கிறது உங்க கார்ல இன்னும் வராத கோளாறுக்கு. தப்பு தயாரிப்புலயே இருக்கறதால செலவு கம்பெனியோடது.

விலை கூடினா பிழை குறையுமா?

"அவ்ளோ காசு குடுத்து வாங்கற கார்லயுமா?"ன்னு கேட்டார் மாமா. ஆமாங்க.

ஃபெராரி 458 இத்தாலியா, 2009ல் வந்த மாடல். 2010ல் அதுல சில கார்கள் தீப்பிடிச்சது. காரணம் எஞ்சின் இல்ல, பசை. பின் சக்கரத்துக்கு மேல இருக்கிற வளைவுல வெப்பத் தடுப்புத் தகட்டை ஒட்டப் பயன்படுத்தின பசை, சூட்டுல உருகிப் பத்திக்கிச்சு. ஃபெராரி 1,248 கார்களைத் திரும்பக் கூப்பிட்டு, பசைக்குப் பதிலா உலோகப் பிணைப்பு போட்டுக் கொடுத்தது.

2022ல் அதே கம்பெனி அமெரிக்காவில் மட்டும் 23,555 கார்களைக் கூப்பிட்டது. இந்த முறை குற்றவாளி ஒரு மூடி. பிரேக் ஆயில் டப்பாவோட மூடி வழியா காத்து சரியாப் போகலைன்னா உள்ள வெற்றிடம் உருவாகும், ஆயில் கசியலாம், பிரேக் பிடிக்காமப் போகலாம். 2005லிருந்து வந்த கார்கள்கூட அந்தப் பட்டியல்ல இருந்தது.

நம்ம துறைக்கும் பங்கு உண்டு. போர்ஷேயோட மின்சார ஸ்போர்ட்ஸ் கார் டைகான். ஓடிக்கிட்டிருக்கும்போதே மொத்தமா பவர் போயிடலாம்னு, 2021 ஜூலையில் உலகம் முழுக்க சுமார் 43,000 கார்களைக் கூப்பிட்டாங்க. கழட்டி மாத்த எந்த சாமானும் இல்ல. சாஃப்ட்வேர் அப்டேட்தான் தீர்வு. அதே டைகான் 2024ல் மறுபடி ரீகால் ஆச்சு. இந்த முறை முன்பக்க பிரேக் ஹோஸ்ல விரிசல் விழலாம்னு. அதுக்கு எந்த அப்டேட்டும் உதவாது, ஹோஸை மாத்தித்தான் ஆகணும்.

ரீகால் வந்துட்டாலே மோசமான கார்னு நினைக்காதீங்க. ஒரு கம்பெனி ரீகாலே பண்ணலைன்னா, அவங்க கார்ல பிழையே இல்லைன்னும் அர்த்தம் இருக்கலாம், பிழையைச் சொல்லலைன்னும் அர்த்தம் இருக்கலாம்.

மாமாவோட கார்

இந்த இடத்துலதான் கதை திண்ணைக்குத் திரும்புது.

458 இன்னொரு ரீகால் பட்டியல்லயும் உண்டு. தகாட்டா. ஏர்பேக்குக்கு இன்ஃப்ளேட்டர் செஞ்ச ஜப்பான் கம்பெனி. மோதின உடனே பையை ஊத வைக்க, உள்ள ஒரு சின்ன வெடிப்பு நடக்கணும். அதுக்கு அவங்க அமோனியம் நைட்ரேட் பயன்படுத்தினாங்க. வருஷக்கணக்கா வெயிலும் ஈரப்பதமும் பட்டா அது கெட்டுப்போகுது. அப்புறம் வெடிக்கறப்ப அளவு மீறி வெடிச்சு, உலோகக் கூடே சிதறி, முகத்துலயும் கழுத்துலயும் பாயுது. காப்பாத்த வெச்ச பொருளே ஆளைக் கொன்னது. உலகம் முழுக்க சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறப்பட வேண்டியதாச்சு. 2017ல் தகாட்டா திவால் ஆனது. ஃபெராரியிலிருந்து நம்ம தெருவுல நிக்கிற சாதாரணக் கார் வரைக்கும், பல கம்பெனிகள் இதே சப்ளையர்கிட்டதான் வாங்கியிருந்தாங்க.

வெயிலும் ஈரப்பதமும்னு படிச்சதும் வாசல்ல நின்ன காரைப் பார்த்தேன். 2013 மாடல். மாமா மூணாவது ஓனர். எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்ல. "மாமா, ஆர்சி புக் குடுங்க"ன்னு வாங்கி, சேஸிஸ் நம்பரைக் கம்பெனியோட வெப்சைட்டுல போட்டேன். ஒரு வரி வந்துச்சு: ஓட்டுநர் பக்க ஏர்பேக் இன்ஃப்ளேட்டர், மாற்றப்படவில்லை.

ரீகால் அறிவிச்சுப் பல வருஷம் ஆச்சு. அத்தனை வருஷமா மாமா அந்த ஸ்டீயரிங்குக்கு முன்னாடிதான் உட்கார்ந்து உளுந்தூர்பேட்டைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் போய்வந்திருக்கார். பக்கத்துல அத்தை, பின்னாடி பசங்க.

"எனக்கு லெட்டர் எதுவும் வரலியே மாப்ள"ன்னார். எப்படி வரும்? கம்பெனி கணக்குல இருந்தது முதல்ல வாங்கின சென்னைக்காரர் பேரும் நம்பரும். அவர் விழுப்புரத்துல ஒருத்தருக்கு வித்தார், அவர் மாமாவுக்கு வித்தார். ஆர்டிஓ பதிவுல மாமா பேர் இருக்கு. ஆனா அது வேற டேட்டாபேஸ். ரெண்டும் பேசிக்கலை. சர்வீஸ் சென்டருக்குப் போயிருந்தா அங்க கம்ப்யூட்டர்ல காட்டியிருக்கும். ஆனா வாரண்டி முடிஞ்ச காரை யார் அங்க விடறாங்க? மாமாவும் நம்ம ஊர் மெக்கானிக்கிட்டதான் விடுவார். மெக்கானிக் கெட்டிக்காரர், ஆனா அவருக்கு இந்த லிஸ்ட்டை யாரும் அனுப்பறதில்ல.

785 ஜிடி3 ஓனர்கள் யார், எங்க இருக்காங்கன்னு போர்ஷேக்குத் தெரியும். வண்டி அனுப்பித் தூக்கிட்டுப் போனாங்க. பிழையைக் கண்டுபிடிக்கிறது பாதி வேலைதான். அந்தச் செய்தி மூணாவது ஓனர் வீட்டு வாசலுக்கு வர்றது மீதிப் பாதி. நம்ம பேட்ச் ரெடி, ஆனா டெப்ளாய் ஆகலை.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவுல 2012 ஜூலையில் கார் தயாரிப்பாளர்கள் சங்கமான சியாம், தாமா முன்வந்து ரீகால் பண்ண ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. கட்டாயம் இல்ல. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ பிரிவைச் சேர்த்தாங்க. ஓட்டறவருக்கோ, உள்ள இருக்கறவங்களுக்கோ, ரோட்டுல போறவங்களுக்கோ, சுற்றுச்சூழலுக்கோ ஆபத்தான குறை இருந்தா, திரும்பப் பெறச் சொல்லி மத்திய அரசே உத்தரவு போடலாம். ரிப்பேர் பண்ணணும், இல்ல மாத்திக் கொடுக்கணும், இல்ல பணத்தைத் திருப்பித் தரணும். விதிகள் 2021 ஏப்ரல் 1லிருந்து அமலில் இருக்கு. அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை.

ஒரு எல்லை உண்டு: ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் இந்தக் கட்டாய ரீகால். மாமா காரோட வயசுக்கு இது உதவாது. கம்பெனி தானா அறிவிச்ச பழைய ரீகால்தான் அவருக்குக் கை கொடுத்துச்சு.

கார் இல்லாதவங்களும் கேளுங்க. 2022 ஏப்ரலில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடிச்ச செய்திகளுக்குப் பிறகு ஒகினாவா 3,215 வண்டிகளையும், ஓலா 1,441 வண்டிகளையும் சோதனைக்காகத் திரும்பக் கூப்பிட்டாங்க. செகண்ட் ஹேண்ட்ல ஸ்கூட்டர் வாங்கினவங்களுக்கும் இதே கதைதான்.

இன்னைக்கே செய்ய வேண்டியது

ஆர்சியில 17 எழுத்து, எண் கொண்ட சேஸிஸ் நம்பர் இருக்கும். உங்க வண்டிக் கம்பெனியோட வெப்சைட்டுல ரீகால் பக்கத்துல போடுங்க. அந்தப் பக்கம் இல்லைன்னா அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணி அதே நம்பரைச் சொல்லி, "ரீகால் எதுவும் பாக்கி இருக்கா?"ன்னு கேளுங்க. பழைய வண்டி வாங்கப் போறீங்கன்னா அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. எத்தனாவது ஓனர்ங்கிறது பிரச்சினை இல்ல, ரீகால் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்ல. வாங்கின பிறகு உங்க நம்பரைக் கம்பெனியில பதிவு பண்ணிடுங்க. ஆபத்தான குறைன்னு உங்களுக்கே பட்டா, அரசோட வாகன் தளத்துல புகார் பதியலாம்.

மாமா கதைக்கு முடிவு: போன் பண்ணோம். சாமான் வர ரெண்டு வாரம் ஆச்சு. அதுவரைக்கும் காரை எடுக்க வேண்டாம்னு சொன்னேன். முணுமுணுத்துக்கிட்டே பைக்ல போனார். மாத்திக் கொடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகலை. பில் பூஜ்யம். சாயந்திரம் போன் வந்துச்சு. "மாப்ள, நம்ம மெக்கானிக்கிட்ட இதைச் சொன்னேன். அவன்கிட்ட வர்ற வண்டிங்க சேஸிஸ் நம்பரையெல்லாம் எழுதி வெச்சிருக்கான். ஒண்ணொண்ணா பார்த்துச் சொல்லுவியாம்."

பதினோரு நம்பர் அனுப்பியிருக்கார். இந்த ஞாயித்துக்கிழமை வேலை அதுதான். உங்க வீட்டு வண்டியைப் பார்த்துட்டு என்ன வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.